உப்புநீர்த் தொட்டியில் பாசி: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

கடல்நீர்த் தொட்டி வைத்து ஒன்றிரண்டு மாதம் ஆனதும் எல்லோருக்கும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "கண்ணாடி, கல், மணல் எல்லாம் பாசி பிடித்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?" இப்போதைக்கு எதுவும் ஊற்றாதீர்கள். மருந்துப் பேச்சு இந்தக் கட்டுரையின் எட்டாவது படியில்தான் வருகிறது. பலருக்கு அதுவரை போக வேண்டிய தேவையே இருக்காது.

இந்த விஷயத்தில் நான் அல்லாடியதற்குக் காரணம், கிடைத்த தகவல் எல்லாம் துண்டு துண்டாக இருந்ததுதான். விளக்கைக் குறை என்பார் ஒருவர், நத்தை வாங்கு என்பார் இன்னொருவர், தண்ணீரை மாற்று என்பார் மூன்றாமவர். மூன்றும் சரிதான். எதற்கு அப்புறம் எது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் கொடுப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்த வரிசை.

பாசிக்கு வேண்டியவை வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ். பின்னவை இரண்டும் மீனுக்குப் போடும் தீனியில் வருகின்றன, சேர்க்கும் தண்ணீரில் வருகின்றன, சில சமயம் கல்லிலிருந்தே கசிகின்றன. உள்ளே போன பாஸ்பரஸ் தானாக ஆவியாகிப் போகாது. பாசியாகவோ, அழுக்காகவோ, பழைய தண்ணீராகவோ நீங்கள் வெளியே எடுத்தால்தான் உண்டு. இது மனதில் இருந்தால் கீழே சொல்வதில் பாதியை நீங்களே யூகித்துவிடலாம்.

1. எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். ஒன்றுக்கு வைத்தியமாக இருப்பது இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும். அதனால் விளக்கை முழுதாகப் போட்டு, பம்ப்பை நிறுத்தி, கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் பாருங்கள்.

பழுப்பு நிறத்தில் மாவு தூவியது போல மணலிலும் கண்ணாடியிலும் படிந்திருந்தால், விரலால் தொட்டாலே கலைந்து போனால், அது டயாட்டம். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் வரும். தண்ணீரிலும் மணலிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளரும். அது தீர்ந்ததும் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தானாகவே மறைந்துவிடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் வருவது சாதாரணம். நன்றாக ஓடும் தொட்டியிலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்கத்தான் வேண்டும். இதை நோயாக நினைக்காதீர்கள்.

கல்லில் பச்சை நூல் நூலாக, ஓட்டத்தில் முடி போல ஆடுவது முடிப்பாசி. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதற்குத்தான். ஒரு இழையைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு வைத்துப் பாருங்கள். இழை வெறும் நூலாக இருந்தால் முடிப்பாசி. நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் சீப்புப் பல் போலக் கிளைகளும் தெரிந்து, பறவை இறகு மாதிரி இருந்தால் அது பிரையாப்சிஸ். இரண்டும் தொட்டிக்குள் ஒரே மாதிரி தெரியும். ஆனால் பிரையாப்சிஸைப் பட்டினி போட்டு ஒழிப்பது மிகக் கடினம், பெரும்பாலான நத்தைகளும் அதைச் சீண்டாது.

கரும்பச்சையில் பளபளவென்று முத்து முத்தாக இருந்தால் வலோனியா, அதாவது குமிழ்ப்பாசி. செம்பழுப்பு அல்லது அடர்சிவப்பில் வழவழவென்று விரிப்பு போலப் படர்ந்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் உரிவது போல வந்தால் சயனோபாக்டீரியா. பெயரே சொல்கிற மாதிரி அது பாக்டீரியா. பாசி தின்னும் நத்தைகளில் அநேகமாக எதுவும் அதைத் தொடாது.

கடைசியாக, எல்லோரையும் ஏமாற்றுகிற ஒன்று: டைனோஃப்ளாஜெல்லேட். பழுப்பு நிறச் சளி, இழை இழையாகத் தொங்கும், இழை நுனியில் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும். விளக்கு அணைந்த பிறகு பெருமளவு காணாமல் போய், மறுநாள் மதியத்துக்குள் திரும்ப வந்துவிடும். டயாட்டம் என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. அந்தச் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னப் பாட்டிலில் உறிஞ்சி எடுத்து, நன்றாகக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி இழைகள் கூடித் திரண்டால் அது டைனோதான். நத்தைகள் காரணமில்லாமல் சாவதும் இதற்கு ஒரு அடையாளம். சில வகைகள் நச்சு உள்ளவை.

இளஞ்சிவப்பு, ஊதா நிறத்தில் கல்லில் கெட்டியாகப் பூசியது போல வருவது கோரலைன் பாசி. அதைச் சுரண்டாதீர்கள். அது பிடித்த இடத்தில் மற்றவை அவ்வளவு எளிதாக வேரூன்றாது. முன் கண்ணாடியில் மட்டும் பிளேடால் எடுத்துக்கொள்ளலாம்.

2. ஒரு நோட்டு போடுங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் பாசிப் பிரச்சினை வாரக்கணக்கில் நகரும் விஷயம், நம் நினைவோ மூன்று நாள் தாண்டாது. நோட்டில் இருக்க வேண்டியவை: தேதி, உப்புத்தன்மை, வெப்பநிலை, நைட்ரேட், பாஸ்பேட் (நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரில் கரைந்திருக்கும் வடிவங்கள்), அல்கலினிட்டி (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்), விளக்கு எரிந்த நேரம், போட்ட தீனியின் அளவு, அன்று என்ன மாற்றினீர்கள் என்பது. தண்ணீர் ஃபில்டரின் பாகங்களை மாற்றிய தேதியையும் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ. தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் நான்கு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

டெஸ்ட் கிட் வாங்கும்போது பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள், திறந்த தேதியைப் பேனாவால் மூடியில் எழுதிவிடுங்கள். பழைய ரீஏஜென்ட் (கிட்டில் வரும் சோதனை மருந்து) காட்டும் எண்ணை நம்பி முடிவெடுப்பதைவிடச் சோதிக்காமலே இருக்கலாம். புதியவர்களுக்கு முதலில் வேண்டியது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். பாஸ்பேட்டுக்கு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கிட்டில் 0.03 பிபிஎம்-க்கும் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 0.1-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. எண்ணைத் திரையில் காட்டும் சின்ன மீட்டர் வாங்குவது நல்லது. சில மீட்டர்கள் பாஸ்பரஸைப் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 20 என்று காட்டினால் சுமார் 0.06 பிபிஎம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கல் முழுக்க முடிப்பாசி இருக்கும், கிட் பூஜ்யம் காட்டும். "சத்தே இல்லையே, பாசி எப்படி வளர்கிறது?" என்று குழம்புவார்கள். தண்ணீரில் மிச்சம் இருப்பதைத்தான் கிட் அளக்கிறது. உள்ளே வருவதை எல்லாம் பாசி உடனுக்குடன் குடித்துவிட்டால் எண் பூஜ்யமாகத்தான் தெரியும். பாசி நிறைந்த தொட்டியில் பூஜ்யம் என்றால் அது நல்ல செய்தி ஆகாது.

3. சேர்க்கும் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு ஆவியாகாது. அதனால் தினமும் குறையும் அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைச் சேர்க்கிறோம். அது குழாய்த் தண்ணீராக இருந்தால், அதில் உள்ள நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் உள்ளேயே தங்கி வாராவாரம் ஏறிக்கொண்டே போகும். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பாசி அடங்கவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வேண்டியது ஆர்.ஓ. மெம்பிரேனுக்குப் பிறகு, மிச்சமுள்ள அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசினும் உள்ள ஃபில்டர். குடிநீருக்கான ஆர்.ஓ. மட்டும் போதாது. குடிநீர் ஃபில்டர்களில் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கும் பகுதியும் இருக்கலாம். அது இங்கே வேண்டவே வேண்டாம். டி.ஐ.யிலிருந்து வரும் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) மீட்டரில் 0 காட்ட வேண்டும். ஃபில்டரைச் சில நாள் நிறுத்திவைத்துப் போட்டால் முதல் சில நிமிடம் வரும் தண்ணீரில் டி.டி.எஸ். அதிகம் இருக்கும்; அதைக் கீழே விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி கலப்பவர்கள் இருக்கும் ஊரில் அதற்கென்று உள்ள கார்பன் பிளாக் வேண்டும், சாதாரணக் கார்பன் அதை முழுமையாகப் பிடிக்காது.

மீட்டர் 0 காட்டுகிறதே என்று ரெசினைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டாதீர்கள். ரெசின் தீரும் நேரத்தில் முதலில் நழுவுவது சிலிக்கேட்தான், அது மீட்டரில் சரியாகத் தெரியாது. தொட்டி வைத்து ஒரு வருடம் ஆன பிறகு திடீரென்று பழுப்பு மாவு திரும்பி வந்தால் ரெசினைச் சந்தேகப்படுங்கள். நிறம் மாறும் ரெசின் வாங்கினால், குப்பியில் முக்கால்வாசி நிறம் மாறியதுமே மாற்றிவிடலாம்.

செலவுக் கணக்கில் இந்தப் படிதான் முதல் இடம். விளக்கையோ பவளத்தையோ தள்ளிப்போட்டாவது இதை வாங்குங்கள்.

4. கையால் எடுங்கள்

இதைவிட வேகமாகப் பலன் தரும் வழி எதுவும் கிடையாது. நீங்கள் பிடுங்கி எடுக்கும் ஒவ்வொரு கைப்பிடிப் பாசியோடும் அது சேர்த்து வைத்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டு ஒரேயடியாக வெளியே போகின்றன. அதே பாசியை மருந்தால் கொன்றால் அது உள்ளேயே அழுகி, சேர்த்ததை எல்லாம் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கும்.

ஆரம்பிக்கும் முன் இதைப் படியுங்கள். கல்லில் ஜோவாந்திட், பாலித்தோவா வகைப் பவளங்கள் இருந்தால் கையுறையும் கண்ணைக் காக்கும் மூக்குக் கண்ணாடியும் போடாமல் தேய்க்காதீர்கள். இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு இருக்கிறது. கையில் உள்ள சிறு வெட்டு வழியாகவும், கண்ணில் தெறித்தும், நீராவியாக மூச்சில் போயும் ஆளை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது. பாசியைக் கொல்லக் கல்லைக் கொதிக்க வைப்பது, வெந்நீர் ஊற்றுவது இரண்டும் கூடவே கூடாது. கையை உள்ளே விடும் முன் ஹீட்டரையும் பம்ப்பையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கல்லைத் தூக்க முடிந்தால் வேலை சுலபம். தண்ணீர் மாற்றும் நாளன்று எடுக்கும் பழைய தொட்டித் தண்ணீரை இரண்டு வாளியில் பிடியுங்கள். முதல் வாளியில் கல்லை முக்கி, முடிப்பாசியை அடியோடு சேர்த்துப் பிடித்து இழுங்கள். மேலே கிள்ளினால் அடி மிஞ்சும். அப்புறம் கடினமான டூத் பிரஷால் தேயுங்கள். இரண்டாம் வாளியில் அலசி, தொட்டியில் வையுங்கள். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் எடுக்க வேண்டாம். வாரத்துக்குக் கால்பங்கு போதும்.

கல் ஒட்டியிருந்து நகராது என்றால், ஒல்லியான ட்யூபின் வாயில் டூத் பிரஷை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள். ட்யூபின் மறுமுனை கீழே உள்ள வாளியில். பிரஷ் தேய்க்கத் தேய்க்க, பிய்ந்த இழைகளை ட்யூப் அங்கேயே உறிஞ்சிவிடும். உறிஞ்சாமல் தேய்த்தால் துண்டுகள் பறந்து புது இடங்களில் முளைக்கும்.

குமிழ்ப்பாசியை உடைக்காமல் அடியில் நெம்பி எடுப்பது பாதுகாப்பு. முடிந்தால் கல்லை வெளியே எடுத்துச் செய்யுங்கள். சயனோவைத் தேய்க்கவே வேண்டாம், ட்யூபால் உறிஞ்சினால் விரிப்பாகவே வந்துவிடும்.

கண்ணாடியைக் காந்தத் துடைப்பானால் துடைக்கும்போது மணலை ஒட்டி இறங்காதீர்கள். ஒரே ஒரு மணல் துகள் இடையில் சிக்கினாலும் கண்ணாடியில் நிரந்தரக் கோடு விழும். மணலுக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்திக்கொண்டு, மீதியைக் கையால் துடையுங்கள்.

5. உள்ளே போவதைக் குறையுங்கள்

தீனி போட்டால் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மீன்கள் முழுதாகத் தின்றுவிட வேண்டும். மிதந்து கல் இடுக்கில் போய்ச் சேர்வது எல்லாம் பாசிக்கான தீனி. உறைந்த தீனிக் கட்டியை அப்படியே போடாமல், சின்ன வலையில் வைத்துக் கரைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள். அதற்காக மீனைப் பட்டினி போட வேண்டாம். மெலிந்த மீனுக்கு நோய் வந்தால் பாசியைவிடப் பெரிய தலைவலி.

ஃபில்டர் சாக் (தண்ணீரை வடிகட்டும் துணிப்பை) இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழுக்கு அதில் பிடிபட்டாலும், ஓடும் தண்ணீரில்தானே ஊறிக்கொண்டிருக்கிறது? மாற்றாமல் விட்டால் அங்கேயே மக்கி நைட்ரேட்டாகித் தொட்டிக்குத் திரும்பும். ஸ்பாஞ்சுக்கும் இதே கதை. ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) கோப்பையின் கழுத்தில் படியும் பிசுபிசுப்பை வாரம் இருமுறையாவது துடையுங்கள். அது படிந்தால் நுரை மேலே ஏறாது.

தண்ணீர் ஓட்டம் போதாத மூலைகளில்தான் அழுக்கு தங்கும், சயனோவும் அங்கேதான் முதலில் படரும். பவளத் தொட்டியில் தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 20 மடங்குக்கு மேல் ஓட்டம் இருக்கலாம், மீன் மட்டும் என்றால் பத்து மடங்குக்கு மேல். பம்ப்பின் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே தீரும் பிரச்சினைக்கு மருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

6. நைட்ரேட், பாஸ்பேட்: இறக்குங்கள், பூஜ்யத்துக்குத் துரத்தாதீர்கள்

பவளம் உள்ள தொட்டிக்கு நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் நல்ல இலக்கு. மீன் மட்டும் உள்ள தொட்டியில் இதைவிட அதிகமாக இருந்தாலும் மீன்களுக்குப் பிரச்சினையில்லை, கண்ணாடியை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

"பூஜ்யம் என்றால் இன்னும் நல்லதுதானே?" இல்லை. இரண்டும் பூஜ்யத்துக்குப் போனால் பவளம் வெளிறும், முடிப்பாசியோடு போட்டியிட்டு இடத்தைப் பிடித்து வைத்திருந்த நல்ல நுண்ணுயிர்களும் மெலியும். காலியான அந்த இடத்தில் வந்து உட்காருவது டைனோ. முடிப்பாசியை ஒழித்த மகிழ்ச்சியில் இருக்கும்போது பழுப்புச் சளி வந்து சேரும் கதை எத்தனையோ தொட்டிகளில் நடக்கிறது. முடிப்பாசியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டுவது டைனோவோடு ஒரு மாதம் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

தண்ணீர் மாற்றுவது நல்ல பழக்கம், ஆனால் அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரேட் 40 இருக்கும்போது 10 சதவீதம் மாற்றினால் 36 ஆகும், அவ்வளவுதான். வாரம் 10 சதவீதம் என்று நான்கு வாரம் மாற்றினால், இடையில் எதுவும் ஏறாமல் இருந்தால், சுமார் 26. உள்ளே போவதைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் உப்புதான் தீரும். புதுத் தண்ணீரை உப்பு கலந்து, பம்ப்பும் ஹீட்டரும் போட்டுச் சில மணி நேரமாவது சுழலவிட்டு, ஒப்படர்த்தி 1.025 அருகிலும் வெப்பநிலை தொட்டியோடு ஒத்தும் இருப்பதைப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

பாஸ்பேட் மட்டும் இறங்க மறுத்தால் கல்லைப் பாருங்கள். உலர் கல்லும் சுண்ணாம்பு மணலும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறையக் குறையக் கல் திரும்பக் கசியவிடும். ஜி.எஃப்.ஓ. என்கிற இரும்பு ஆக்சைடுத் துகளைப் போட்டதும் எண் இறங்கி, இரண்டு நாளில் பழைய இடத்துக்கே வந்தால் காரணம் இதுதான். கல் காலியாகும் வரை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்.

ஜி.எஃப்.ஓ. போடும்போது பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதியில் ஆரம்பியுங்கள். முதலில் நன்றாக அலசித் தூளை நீக்குங்கள். 0.5-இல் இருந்த பாஸ்பேட்டை ஒரே வாரத்தில் 0.05-க்கு இழுத்தால் பவளம் திசு உரிந்து சாகலாம். வாரங்களாகப் பிரித்து இறக்குங்கள், வாரம் இருமுறை அளந்து பாருங்கள்.

சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த தனி ஃபில்டர் தொட்டியில், இடம் இருந்தால் கீட்டோமார்ஃபா என்ற பாசியை ஒரு விளக்கு போட்டு வளர்ப்பது எனக்குப் பிடித்த வழி. பச்சை நைலான் நூல் பந்து போல இருக்கும். தொட்டியில் வேண்டாத இடத்தில் வளர்வது வேண்டிய இடத்தில் வளரட்டும் என்பதுதான் யோசனை. தொட்டி விளக்கு அணைந்த நேரத்தில் இதன் விளக்கு எரியும்படி வைத்தால் இரவில் பிஎச் அதிகம் இறங்காமல் இருக்கும். பந்து பெருத்ததும் பாதியை வெட்டி வெளியே போடுங்கள். வெட்டாவிட்டால் உட்பகுதி வெளிச்சம் இல்லாமல் அழுகும். வோட்கா, வினிகர் ஊற்றும் கார்பன் டோசிங் முறையும் உண்டு. அளவு தப்பினால் பாக்டீரியா பெருகித் தண்ணீர் வெளுத்து ஆக்சிஜன் இறங்கிவிடும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

7. விளக்கும் துப்புரவுக் கூட்டமும்

விளக்கு மொத்தம் 8 முதல் 10 மணி நேரம் போதும். டைமர் கட்டாயம். பாசி மிஞ்சியிருக்கும் நாட்களில் வெள்ளை, சிவப்பு, பச்சை சேனல்களைக் குறைத்து நீலத்தை வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் திரை போடுங்கள்.

நத்தைகள் விஷயத்தில் பெரிய பொறி, மொத்தமாக வாங்குவது. நீளமாக வளர்ந்த முடிப்பாசியை நத்தைகள் அவ்வளவாகத் தின்னாது. நீங்கள் கையால் எடுத்த பிறகு முளைக்கும் குட்டையான தளிரைத்தான் மேயும். ஆகவே நான்காவது படி முடிந்த பிறகே வாங்குங்கள். சிலவற்றை விட்டு, ஒரு மாதம் பார்த்து, போதாவிட்டால் சேருங்கள். அளவுக்கு மீறி விட்டால் பட்டினியில் செத்து, அழுகி, பாசிக்கே உரமாகும்.

என் தேர்வு ட்ரோக்கஸ் நத்தை. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியா நத்தையும் நன்றாக மேயும், ஆனால் மணலில் மல்லாந்து விழுந்தால் எழத் தெரியாது, நீங்கள்தான் திருப்பிவிட வேண்டும். செரித் வகை கல்லிலும் மணலிலும் வேலை செய்யும். ஹெர்மிட் நண்டுகள் ஓட்டுக்காக நத்தையைக் கொல்வதுண்டு. வைத்தால் காலி ஓடுகளையும் கூடவே போடுங்கள். முடிப்பாசி மண்டியிருந்தால் கடல் முயல் (நத்தை இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி) அசுர வேகத்தில் தின்னும். ஆனால் பாசி தீர்ந்ததும் அதற்கு வேறு உணவு இல்லை, பம்ப்பில் சிக்கினால் மை கக்கும். வேலை முடிந்ததும் தேவைப்படும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் ஏற்பாட்டோடு வாங்குங்கள். குமிழ்ப்பாசிக்கு எமரால்டு நண்டு உதவலாம்.

எதை வாங்கினாலும் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து ஒரு மணி நேரமாவது பழக்குங்கள். உப்புத்தன்மை சட்டென்று மாறினால் நத்தை தாங்காது. செம்பு கலந்த மீன் மருந்து போட்ட தொட்டியில் இவை எதுவும் பிழைக்காது. பாசிக்காக டாங் மீன் வாங்காதீர்கள். மஞ்சள் டாங் 20 சென்டிமீட்டர் வரை வளரும், நீந்த நீளம் வேண்டும், சின்னத் தொட்டிக்கு அது தண்டனை.

8. மருந்து எப்போது

மேலே உள்ளதை எல்லாம் இரண்டு மாதமாவது ஒழுங்காகச் செய்தும் அடங்காதபோது, அதுவும் எந்தப் பாசி என்று உறுதியாகத் தெரிந்த பிறகு.

பிரையாப்சிஸுக்கு ஃப்ளூகோனசோல் நன்றாக வேலை செய்கிறது. பொதுவாகப் பயன்படுத்தும் அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம். கல், மணல் போக உள்ள உண்மையான தண்ணீர் அளவைக் கணக்கிடுங்கள். இரண்டு மூன்று வாரம், மருந்தை உறிஞ்சிவிடும் ஃபில்டர் கார்பனை எடுத்துவிட்டு, தண்ணீர் மாற்றாமல் விட வேண்டும். பாசி சாகும்போது சத்து ஏறும், செத்ததை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருங்கள்.

ஓரிரு கல்லில் மட்டும் பிடிவாதமாக இருக்கும் முடிப்பாசிக்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கல்லை வெளியே எடுத்து, பாசி மேல் மட்டும் பிரஷால் தடவி, சில நிமிடம் விட்டு, தொட்டித் தண்ணீரில் அலசி வையுங்கள். பவளத் திசுவில் படக் கூடாது. தொட்டிக்குள் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், இறால்கள் தாங்காது.

சயனோவுக்கு எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் போடுபவர்கள் உண்டு. விரிப்பு கலையும், ஆனால் ஓட்டமும் சத்தும் சரியாகாவிட்டால் திரும்ப வரும். ஆக்சிஜன் இறங்குவதால் காற்றுக்கல் போட்டே ஆக வேண்டும். நல்ல பாக்டீரியாவுக்கும் ஆபத்து. உறிஞ்சி எடுத்து, பம்ப்பைத் திருப்பி, மூன்று நாள் விளக்கை அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை யோசிக்கவே வேண்டும்.

டைனோவுக்கு எல்லாமே தலைகீழ். ஜி.எஃப்.ஓ.வை எடுங்கள், தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், தீனியைக் கூட்டுங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.1 அருகில் நிலையாக நிற்க வேண்டும். இரவில் தண்ணீரில் நீந்தக் கிளம்பும் வகைகளுக்கு யூ.வி. விளக்கு நல்ல பலன் தரும். மணலிலேயே கிடக்கும் ஆம்ஃபிடினியம் வகைக்கு யூ.வி. வீண்செலவு. எந்த வகை என்று பார்க்க ஒரு சாதாரண மைக்ராஸ்கோப் போதும், யூ.வி. வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

9. எவ்வளவு காலம், எந்த வரிசையில் செலவு

புதுத் தொட்டியில் அம்மோனியா சுழற்சி (அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா நிலைபெறுவது) முடிய நான்கு முதல் ஆறு வாரம். அதையொட்டி டயாட்டம், அது போனதும் பச்சை. தொட்டி நிதானத்துக்கு வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். முடிப்பாசிக்கு எதிரான வேலையில் முதல் மாதம் போட்டோவில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாம் மாதம் பிடுங்கிய இடத்தில் திரும்ப முளைப்பது குறையும். மூன்றாம் மாதத்துக்குள் கல்லின் நிறம் தெரிய ஆரம்பிக்கலாம். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு வாரம் காத்திருங்கள். ஒரே நாளில் விளக்கைக் குறைத்து, ஜி.எஃப்.ஓ. போட்டு, நத்தையும் விட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பணம் போக வேண்டிய வரிசை: முதலில் ஆர்.ஓ. டி.ஐ. ஃபில்டரும் டி.டி.எஸ். மீட்டரும். அடுத்து பாஸ்பேட் மீட்டர், நைட்ரேட் கிட். அப்புறம் ஓட்டத்துக்குப் பம்ப். நத்தை நான்காவது. ஜி.எஃப்.ஓ. தேவைப்பட்டால். ரெசின், ஜி.எஃப்.ஓ., ரீஏஜென்ட் எல்லாம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியவை என்பதை மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "எல்லாப் பாசியையும் அழிக்கும்" என்று பாட்டிலில் எழுதியிருப்பது பட்டியலிலேயே இல்லை.

10. புதுப் பவளம் வரும்போது

அடங்கிய தொட்டிக்குப் பிரையாப்சிஸும் குமிழ்ப்பாசியும் மறுபடி வரும் வழி பெரும்பாலும் இதுதான். பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சிறு அடித்தட்டின் அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு பச்சை இழை, ஒரு குமிழ் தெரிந்தாலும் பவளத்தைத் தட்டிலிருந்து வெட்டி எடுத்து, புதுத் தட்டில் ஒட்டுங்கள். பழைய தட்டைத் தூக்கிப் போடுங்கள். வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சின்னத் தனித்தொட்டி வைக்க முடிந்தால் சில வாரம் அதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். நத்தை ஓட்டின் மேலும் பாசி ஒட்டிக்கொண்டு வரும், அதையும் பிரஷால் தேய்த்துவிட்டு விடுங்கள்.